மீண்டும் ஒரு மருத்துவச் சான்று

ஒருவர் அயல்நாடொன்றில் பத்தாண்டுகளாக வாழ்கிறார். அங்கேயே உழைக்கிறார், வரி செலுத்துகிறார். அவருடைய பிள்ளைகள் அங்குள்ள பள்ளியில் பயில்கின்றனர். ஆயினும், அந்நாட்டில் நிலையாகத் தங்கும் உரிமையைக் கோரி விண்ணப்பிக்கும்போது, அன்றுதான் கப்பலைவிட்டு இறங்கியவரைப் போல, தமக்குத் தொற்றுநோய் இல்லை என்று மருத்துவரிடம் சான்று பெற்று அளிக்க வேண்டியவராகிறார். அச்சான்று காலாவதியாகிவிட்டால் மறுபடியும் பெறவேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வழக்கம் தோன்றி வளர்ந்த வரலாறு, நம் ஊர்களிலிருந்து சென்று அங்கே காத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களையும் தொடுகின்ற வரலாறாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் ஏழை எளியோர் கூட்டங்கூட்டமாக அமெரிக்கக் கரையை நாடினர். அவர்களோடு கொள்ளைநோயும் வந்து சேருமோ என்னும் அச்சம் அங்கிருந்தோரை ஆட்கொண்டது. 1891ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், அபாயகரமான தொற்றுநோய் உடையோரைத் தடுத்து நிறுத்தவும், வந்து சேர்வோரை அரசு மருத்துவர்கள் சோதிக்கவும் ஆணையிட்டது. 1892 ஜனவரி முதல் நாளில், நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. 1954இல் அது மூடப்படும் வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் மக்கள் அவ்வழியே சென்றனர்.

படியேறி வருவோரை மருத்துவர் மேலிருந்தே கவனிப்பார். மூச்சு வாங்குகிறதா, கால் தாங்குகிறதா என்று சில நொடிகளில் கண்ணாலேயே அளந்துவிடுவார். ஐயம் எழுந்தால் மேலாடையில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து விழும்: இதயத்திற்கு ‘எச்’, கண்ணுக்கு ‘இ’, கால் ஊனத்திற்கு ‘எல்’. டிரக்கோமா என்னும் கண்ணோய் 1897இல் தடைப் பட்டியலில் சேர்ந்தபின், காலணிப் பொத்தான்களை மாட்டும் கொக்கியைக் கொண்டே இமைகளைப் புரட்டிப் பார்த்தனர். இவையெல்லாம் கப்பலின் கீழ்த்தளத்தில் வந்த ஏழைகளுக்கே. முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிட்டனர். திருப்பி அனுப்பப்பட்டோர் நூற்றுக்கு இருவர் அளவே. ஆனால், குடும்பத்தில் ஒருவர் மட்டும் தடுக்கப்பட்டபோது நேர்ந்த பிரிவின் துயரை எந்த விழுக்காட்டால் அளப்பது?

1924ஆம் ஆண்டின் சட்டத்திற்குப்பின் இச்சோதனை, புறப்படும் நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகங்களை நோக்கி நகர்ந்தது. கடலைக் கடந்தபின் திரும்புவதைவிட, புறப்படுமுன்னரே அறிந்துகொள்வது ஒருவகையில் இரக்கமே. பின்னர் 1952ஆம் ஆண்டின் சட்டம் இன்னொரு வாயிலைத் திறந்தது. முறைப்படி நாட்டினுள் வந்திருப்பவர், வெளியே செல்லாமல் அங்கிருந்தவாறே நிலையான வசிப்புரிமை பெற வழி ஏற்பட்டது. அவ்வழியினூடே கரையோரச் சோதனையும் ஊருக்குள் நுழைந்தது. இப்போது அதைச் செய்பவர் அரசின் அனுமதி பெற்ற உள்ளூர் மருத்துவர். ‘ஐ-693’ என்னும் படிவத்தை நிரப்பி, உறையிலிட்டு ஒட்டித் தருவார். அவர் பெறும் கட்டணத்தை அரசு வரையறுப்பதில்லை.

சோதனைக்குரிய நோய்களின் பட்டியலோ காலந்தோறும் மாறிற்று. 1952இல் தொழுநோயும் காசநோயும் சட்டத்திலேயே பெயர் சுட்டி விலக்கப்பட்டன. 1987இல் எச்.ஐ.வி. தொற்று சேர்க்கப்பட்டது, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த அத்தடை 2010 ஜனவரியில்தான் நீங்கியது. 1996இல் தடுப்பூசிச் சான்று கட்டாயமாயிற்று. 2021 அக்டோபரில் கோவிட் தடுப்பூசி சேர்ந்தது. 2025 ஜனவரியில் அது விலக்கப்பட்டது. சில மாற்றங்கள் அறிவின் வளர்ச்சியால் வந்தவை. குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்ட நம்மவர் பலருக்கு, தோலில் செய்யும் காசநோய்ச் சோதனை, நோய்த்தொற்று இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டிவிடும். 2018 அக்டோபர் முதல் அதற்குப் பதிலாக, பி.சி.ஜி.யால் பிறழாத இரத்தச் சோதனை வந்தது. இது வரவேற்கத்தக்கதே.

ஆனால், சான்றின் ஆயுளைப் பற்றிய விதிகள் வேறொரு கதையைச் சொல்கின்றன. ஒப்படைத்த நாளிலிருந்து ஓராண்டே அது செல்லும் என்று 2014 ஜூனில் குடியேற்றத் துறை வரையறுத்தது. விண்ணப்பத்திற்கு முந்தைய 60 நாள்களுக்குள் மருத்துவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும், கையொப்பத்திலிருந்து ஈராண்டு செல்லும் என்று 2018 நவம்பரில் மாற்றியது. அந்த 60 நாள் விதி 2021 டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டு, 2023 மார்ச்சில் அறவே நீங்கியது. 2023 நவம்பர் முதல் நாளிலோ அதன் பின்னரோ கையொப்பமான சான்றுக்குக் காலாவதியே இல்லை என்று 2024 ஏப்ரலில் அறிவித்தனர். 2025 ஜூனில் அதுவும் மாறிற்று: சான்று எந்த விண்ணப்பத்தோடு அளிக்கப்பட்டதோ, அது நிலுவையில் இருக்கும்வரை மட்டுமே செல்லும், அவ்விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ திரும்பப் பெறப்பட்டாலோ, மறுபடியும் சோதனைதான்.

இதன் சுமையை மிகுதியாகச் சுமந்தவர்களுள் இந்தியர்கள் அடங்குவர். ஆண்டுதோறும் வழங்கப்படும் வேலைவழி வசிப்புரிமைகளில் எந்த ஒரு நாட்டினருக்கும் பொதுவாக நூற்றுக்கு ஏழு என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பு. ஆகவே, அவ்வழியில் காத்திருக்கும் இந்தியரின் வரிசை பத்தாண்டுகளையும் தாண்டி நீள்கிறது. 2020 அக்டோபரில் விண்ணப்பிக்கும் வாயில் எதிர்பாராது திறந்தபோது, தமிழகத்துப் பொறியாளர்கள் உள்ளிட்ட இந்தியர் பலர் குடும்பத்தோடு சோதனை செய்து சான்றளித்தனர். பெருந்தொற்றால் அலுவலகங்கள் தேங்கின. பலருடைய கோப்பு அதிகாரியின் மேசைக்கு வருமுன்னரே சான்று காலாவதியாயிற்று. மீண்டும் கட்டணம், மீண்டும் இரத்தம். காலம் தாழ்த்தியது அலுவலகம். அதற்கு விலை கொடுத்ததோ காத்திருந்தவர்.

மறுசோதனையே தவறு என்று நாம் சொல்லவில்லை. உடலில் உறங்கும் காசநோய் பின்னொரு நாள் விழித்தெழலாம். அதை உரிய காலத்தில் கண்டறிவது நோயாளிக்கும் நன்று, அயலார்க்கும் நன்று. மறுசோதனை மிகப் பழைய வழக்கமுங்கூட. தோல்நோய் உடையவனோ என்று ஐயுறப்பட்டவனை ஏழு நாள் தனியே வைத்துப் பார்க்கவும், தெளிவில்லையேல் இன்னும் ஏழு நாள் வைத்து மீண்டும் பார்க்கவும் லேவியர் நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் குருவைப் பணிக்கிறது. அங்கே நாள்களைக் குறித்தது நோயின் போக்கு. கோப்பின் தேக்கம் அன்று. அடுத்த அதிகாரமோ, குணமடைந்தவனைச் சோதித்தறியக் குருவே பாளையத்திற்கு வெளியே செல்ல வேண்டும் என்கிறது. நடக்கவேண்டியவர் சோதிப்பவரே!

எல்லிஸ் தீவின் மருத்துவர் கடுமையானவராயினும், தம் முன் நின்ற மனிதரையே பார்த்தார். இன்றைய சான்றில் முதலில் பார்க்கப்படுவது தேதியாகிவிட்டது. பத்தாண்டுகள் நம்மோடு தெருவில் நடந்து, நம் பிள்ளைகளோடு தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஒருவரை, இன்னும் கரையில் நிற்பவராகவே கருதுவது எத்துணைக் காலத்திற்கு? இவ்வினாவுக்கு விடை கூறவேண்டியது மருத்துவம் அன்று, நீதி.