ஓடாதவர்களின் மாரத்தான்

மாரத்தானுக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவன் கணக்குப் போட்டுப் பார்க்கவே கூடாது. நண்பன் ஒரு கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் அவன் தலை தெரிவதிலிருந்து நம்மைத் தாண்டிப் போவது வரை ஒரு நூறு மீட்டர். அதாவது 39 விநாடி. அதற்காக இருட்டோடு எழுந்து, டீக்கடை கூடத் திறக்காத சாலையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த விகிதம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் ஜனவரி மாதச் சென்னை மாரத்தானுக்கு வருடா வருடம் போய் நிற்கிறேன். ஓடுகிறவர்கள் மூன்று பேர். என்னோடு தர்மபுரியில் படித்தவர்கள். நான் ஓடுவதில்லை.

இந்த நிற்கிற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கத்தானே வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன். மாரத்தானின் வரலாற்றை ஓடியவர்களின் பெயரை வைத்தே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதன் திருப்பங்களில் பல, ஓடாதவர்கள் செய்தவை.

முதல் ஒலிம்பிக் மாரத்தானையே எடுத்துக்கொள்வோம். 1896 ஏப்ரல் 10, ஏதென்ஸ். தண்ணீர் சுமந்து விற்ற ஸ்பிரிடான் லூயிஸ் அரங்கத்துக்குள் நுழைந்ததும் கிரேக்க இளவரசர்கள் இருவர் இறங்கி வந்து, கடைசிச் சுற்றில் அவரோடு கூடவே ஓடினார்கள். வழியில் ஊர்க்காரர்கள் அவருக்கு ஒயின் கொடுத்தார்கள் என்றும் கதை உண்டு. அதே பந்தயத்தில் ஒரு கட்டத்தில் முன்னால் ஓடிய ஆஸ்திரேலியர் எட்வின் ஃப்ளாக் தள்ளாட ஆரம்பித்தார். கீழே விழாமல் பிடிக்க வந்த பார்வையாளரை நினைவு தப்பிய நிலையில் ஒரு குத்து விட்டார் என்பார்கள். ஒருவருக்கு ராஜ மரியாதை, இன்னொருவருக்குப் பிடிக்கப் போய்க் குத்து. பார்வையாளனுக்குக் கிடைக்கக்கூடிய இரண்டு பலன்களும் முதல் நாளே தெரிந்துவிட்டன.

அடுத்து 1908, லண்டன். 42.195 கிலோமீட்டர் என்ற விசித்திரமான தூரம் அங்கேதான் பிறந்தது. வின்ட்சர் கோட்டையில் தொடக்கம், ஒயிட் சிட்டி அரங்கில் அரச குடும்பத்தின் மாடத்துக்கு முன்னால் முடிவு. அதை அளந்தால் 26 மைல் 385 கெஜம். 1921இல் அதையே நிலையான தூரமாக்கிவிட்டார்கள். உலகம் முழுக்க இன்று மூச்சு வாங்க ஓடுகிறவர்கள், உட்கார்ந்து பார்த்தவர்களின் வசதிக்காக வைத்த கோட்டை நோக்கித்தான் ஓடுகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஜூலை 24 அன்று அரங்கத்துக்குள் முதலில் வந்தவர் இத்தாலியர் டொராண்டோ பியத்ரி. வந்தவர் தவறான பக்கம் திரும்பினார். சரிப்படுத்தினார்கள். விழுந்தார், தூக்கிவிட்டார்கள். மறுபடி விழுந்தார். கடைசி முந்நூற்றைம்பது மீட்டரைக் கடக்கப் பத்து நிமிடம் போல ஆனது. போட்டி அலுவலரும் மருத்துவரும் இரு பக்கமும் நிற்க, ஒருவழியாகக் கோட்டைத் தாண்டினார். கூட்டம் கொண்டாடியது. அமெரிக்கர்கள் புகார் கொடுத்தார்கள். கைபட்டது கைபட்டதுதான். டொராண்டோவைத் தகுதிநீக்கம் செய்து, இரண்டாவதாக வந்த ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள். மறுநாள் அரசி அலெக்ஸாண்ட்ரா டொராண்டோவுக்கு ஒரு கோப்பை கொடுத்தார். செய்தி எழுத வந்திருந்த ஆர்தர் கானன் டாயில் அவருக்காக நிதி திரட்ட முன்னால் நின்றார். தூக்கிவிட்டவர்களின் இடத்தில் நான் இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தேன். கண் முன்னால் ஒருவன் செத்துவிடுவான் போலக் கிடக்கும்போது விதிப் புத்தகம் யாருக்கு ஞாபகம் வரும்?

கை பட்டதற்கு இன்னொரு சாட்சி, 2004 ஏதென்ஸ். முன்னால் ஓடிக்கொண்டிருந்த பிரேசிலின் வாண்டர்லெய் டி லிமாவை, பதவி பறிக்கப்பட்ட ஓர் அயர்லாந்துப் பாதிரியார் பாய்ந்து சாலையோரக் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். பொலிவியோஸ் கொஸிவாஸ் என்ற கிரேக்கர் அந்தப் பிடியை விடுவித்து அவரை மறுபடி சாலைக்கு அனுப்பினார். லிமாவுக்கு வெண்கலம் கிடைத்தது. பறக்கும் விமானம்போலக் கைகளை விரித்துக்கொண்டு அவர் வந்து முடித்த காட்சியை இணையத்தில் இப்போதும் பார்க்கலாம். ஓடியவனைக் கெடுத்ததும் பார்வையாளர், மீட்டதும் பார்வையாளர்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பொங்கலை ஒட்டி எருது விடும் விழா நடக்கும் ஊர்களில் (2004 வரை கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான்) பாதையே மனிதர்களால் ஆனது. இரண்டு பக்கமும் ஆட்கள் சுவர்போல நிற்க, நடுவில் காளை ஓடும். குறைந்த நேரத்தில் தூரத்தைக் கடந்த காளைக்குப் பரிசு. நிற்கிறவர்கள் விலகிவிட்டால் அங்கே பந்தயம் என்று ஒன்றே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு நண்பன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நடுத்திட்டில் உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது. போன வருடம்தான் அவன் அப்பா மாரடைப்பில் போயிருந்தார். பக்கத்தில் என் பைக் நின்றது. "ஏறுடா, போலாம்" என்பது வாய் வரைக்கும் வந்தது.

"இன்னும் எவ்ளோடா?"

"நாலுதான் மச்சான். வுடாத."

ஏழு இருந்தது. அவன் எழுந்து போன பிறகு முடிவுக் கோட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நின்ற ஒரு மணி நேரத்தில், வந்த ஒவ்வொரு ஆம்புலன்ஸின் கண்ணாடியையும் எட்டிப் பார்த்தேன். நடந்தும் நொண்டியும் வந்து சேர்ந்தான். வந்ததும் முதலில் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

உற்சாகப்படுத்துகிறவனின் பேச்சில் கொஞ்சம் திரிப்பு இருந்தே தீரும். இதற்கு எங்கள் ஊரிலேயே மூத்த முன்னோடி உண்டு. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுடைய தோழி அவ்வையார். எதிரிகளைப் பார்த்து, எங்களிடமும் ஒருவன் இருக்கிறான், களத்துக்குள் வராதீர்கள் என்று அவர் எச்சரிக்கும் பாட்டு புறநானூற்றில் 87ஆவது. தொண்டைமானிடம் தூது போன இடத்தில், உன் ஆயுதங்கள் நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்கிறார். கேட்க எதிரிக்குப் புகழ்ச்சி மாதிரி இருக்கும். விஷயம் என்னவோ, எங்கள் ஆள் நிறையப் போர் பார்த்தவன் என்பதுதான். ஓர் அடிகூடக் களத்தில் எடுத்து வைக்காமல் நண்பனுக்காக வாயால் மட்டும் செய்யக்கூடியதை எல்லாம் அவ்வை செய்திருக்கிறார்.

அது போதவில்லை. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். 'தகடூர் எறிந்த' என்பது அவன் பெயரோடு ஒட்டிக்கொண்ட அடைமொழி. அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலில் இன்று சில பாடல்களே மிச்சம். அதியமானும் போய்விட்டான். அவனுக்கு நட்ட கல்லுக்கு மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வைத்தார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று பக்கத்தில் நின்று கேட்டார் அவ்வை. அது 232ஆவது பாட்டு.