ஐக்கிய அமெரிக்காவில் வறுமை

ஐக்கிய அமெரிக்காவில் வறுமை என்பது, செல்வம் மிக்க அந்நாட்டில் அடிப்படைத் தேவைகளுக்குப் போதிய வருமானமின்றி வாழும் மக்களின் நிலையைக் குறிக்கும். 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3.68 கோடி பேர், அதாவது மக்கள்தொகையில் 11.1 விழுக்காட்டினர், அதிகாரபூர்வ வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழ்ந்தனர்.

வறுமைக் கோடு

இக்கோட்டை 1960களில் மோலி ஒர்சான்சுகி என்னும் அரசுப் பொருளியலாளர் வகுத்தார். சிக்கனமான உணவுச் செலவின் மும்மடங்கே இதன் அடிப்படை ஆகும். இது ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்பத் திருத்தப்படுகிறது. எனினும் குடும்பச் செலவில் வீட்டு வாடகை, மருத்துவம் ஆகியவற்றின் பங்கு கூடியமை இதில் கணக்கிடப்படுவதில்லை.

குழந்தைகள்

அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை அளவீட்டின்படி, குழந்தை வறுமை 2021 இல் 5.2 விழுக்காடாகக் குறைந்தது. அவ்வாண்டு விரிவாக்கப்பட்டிருந்த குழந்தை வரிச்சலுகை முடிவுற்றதை அடுத்து, 2022 இல் இது 12.4 விழுக்காடாக உயர்ந்தது.