இடிபாடுகளின் குடிகள்

உரோமைக்குத் திருப்பயணம் செல்லும் நம்மவர் பலர், தெர்மினி இரயில் நிலையத்தில் இறங்கி, 64-ஆம் எண் பேருந்தில் ஏறிப் புனித பேதுரு பேராலயத்தை நோக்கிச் செல்வதுண்டு. வழியில், புனித சவேரியாரின் வலக்கரம் போற்றிக் காக்கப்படும் 'ஜேசு' ஆலயத்தைக் கடந்த சிறிது தொலைவிலேயே, நகரின் நெரிசலுக்கு நடுவில் பெரும் பள்ளம் ஒன்று கண்ணில் படும். பேருந்துகளும் டிராம் வண்டிகளும் சுற்றிலும் இரைந்து கொண்டிருக்க, தெருமட்டத்திற்கு வெகு கீழே உடைந்த தூண்களும் படிக்கட்டுகளும் அமைதியாகக் கிடக்கும். சற்று உற்று நோக்கினால், அத்தூண்களின் மீது பூனைகள் வெயில் காய்வதைக் காணலாம். கரிய பூனை, சாம்பற் பூனை, மஞ்சள் வரியோடிய பூனை என்று பலவகை. எவரையும் பொருட்படுத்தாத அந்தப் படுகையைப் பார்த்தால், உரோமைப் பேரரசு இடிந்து விழுந்ததே தங்களுக்குப் படுக்கை விரிக்கத்தான் என்று அவை எண்ணுவது போலத் தோன்றும்.

இவ்விடத்தின் பெயர் லார்கோ தி தோரே அர்ஜெந்தீனா. தென் அமெரிக்க நாடான அர்ஜென்டினாவிற்கும் இதற்கும் தொடர்பு ஏதுமில்லை. யோகான் புர்க்கார்டு என்னும் குரு, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தையரின் வழிபாட்டுச் சடங்குகளை நெறிப்படுத்தும் பொறுப்பில் இருந்தவர். பின்னர் ஆயராகவும் உயர்ந்து, 1506-இல் இறந்தவர். அரண்மனைச் செய்திகளை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்த அவருடைய நாட்குறிப்பை வரலாற்றாசிரியர்கள் இன்றும் புரட்டுகின்றனர். அவர் ஸ்திராஸ்பூர்க் பகுதியைச் சேர்ந்தவர். அந்நகரின் பழைய லத்தீன் பெயர் அர்ஜெந்தோராத்தும். ஆகவே அவர் தம் மாளிகையின் கோபுரத்தை ஊர்ப் பெயராலேயே அழைத்தார். அதுவே தெருவுக்கும், 1732-இல் திறக்கப்பட்ட நாடக அரங்கிற்கும், பிற்காலத்தில் பூனைகளின் புகலிடத்திற்கும் பெயராயிற்று. தம் பெயர் இப்படி நிலைக்கும் என்று அந்த ஆயர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

பள்ளம் எவ்வாறு உண்டாயிற்று? 1926-ஆம் ஆண்டு, புதிய கட்டடங்கள் எழுப்புவதற்காக இங்கிருந்த பழைய வீடுகளை இடித்தார்கள். கடைக்கால் தோண்டும் இடத்தில் பளிங்குச் சிலை ஒன்றின் மாபெரும் தலையும் கைகளும் வெளிப்பட்டன. தொடர்ந்து தோண்டத் தோண்ட, உரோமைக் குடியரசுக் காலத்தைச் சேர்ந்த நான்கு கோவில்கள் வரிசையாக வெளிவந்தன. அவற்றுள் வட்டவடிவமானது, கி.மு. 101-இல் கிம்பிரியரை வென்ற வெற்றிக்காகக் காத்துலுஸ் என்னும் தளபதி எழுப்பியது. மற்றொன்றின் மேல் இடைக்காலக் கிறிஸ்தவர்கள் புனித நிக்கோலாஸ் ஆலயத்தைக் கட்டியிருந்தார்கள். அகழாய்வின்போது அவ்வாலயம் இடிக்கப்பட்டது. அதன் பீடமிருந்த அரைவட்டச் சுவரின் எச்சம் மட்டும் இன்றும் நிற்கிறது. பழமையைக் காப்பதற்காகவே ஒரு பழமையை இடித்தார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னால் வரும் வழக்கிற்கு அது உதவும். 1929 ஏப்ரல் 21 அன்று, உரோமையின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் அந்நாளில், முசோலினி இவ்விடத்தைத் திறந்து வைத்தார்.

கோவில்களின் பின்புறத்தில் பொம்பேயுஸ் கட்டிய மன்றத்தின் அடித்தளமும் ஒரு பகுதி தெரிகிறது. கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசர் குத்துண்டு வீழ்ந்தது அம்மன்றத்தில்தான்.

மனிதர் இறங்காத, வண்டிகள் நுழையாத, கல்லிடுக்குகள் நிறைந்த ஒரு குழி. எலிகளுக்கும் குறைவில்லை. பூனைகளுக்கு வேறென்ன வேண்டும்? அகழாய்வு முடிந்த காலத்திலிருந்தே அவை அங்கே குடியேறிவிட்டன. தாமாக வந்தவை சில. கொண்டுவந்து விடப்பட்டவை பல. கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்கோ மலைநாட்டிற்கோ புறப்படும் குடும்பங்கள், வீட்டுப் பூனையை யாரும் காணாத வேளையில் இறக்கிவிட்டுப் போவது இத்தாலியின் பழைய நோய். சாக்கில் கட்டிச் சந்தைப்புறத்தில் விட்டு வரும் நம்மூர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

அவற்றுக்குச் சோறிட்டவர்கள் பெண்கள். மாலையானதும் மிச்ச உணவைத் தாளில் பொதிந்துகொண்டு வந்து கம்பித் தடுப்பின் வழியே நீட்டுவார்கள். பூனைக்கு இத்தாலிய மொழியில் 'கத்தோ' என்று பெயர். அதனால் இப்பெண்களைக் 'கத்தாரே' என்றார்கள். அச்சொல்லில் இரக்கமும் உண்டு, ஏளனமும் உண்டு. வேறு வேலையற்ற கிழவி, சற்றே மூளை பிசகியவள் என்ற பொருள் அதன் அடியில் ஒளிந்திருந்தது. ஆனால் அவர்களுள் புகழ்பெற்றவரும் இருந்தார். 1945-இல் வெளிவந்த 'உரோமை, திறந்த நகரம்' என்னும் திரைப்படத்தால் உலகறிந்த நடிகை அன்னா மாஞ்ஞானி, அருகிலுள்ள நாடக அரங்கில் நடித்த நாள்களில் இப்பூனைகளுக்கு உணவளித்து வந்தார் என்பர்.

சோறிடுவது எளிது, அதன் விளைவைச் சுமப்பது அரிது. பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவம் எய்துகிறது. ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடுகிறது. ஆண்டிற்கு இரண்டு மூன்று முறை குட்டி போடுகிறது. நல்ல மனத்தோடு நீட்டிய கவளம், அடுத்த பருவத்தில் பசித்த வயிறுகளைப் பெருக்கிற்று. குட்டிகளிற் பெரும்பகுதி கண் புழுத்தும் சளி பிடித்தும் செத்தன. இரக்கம் என்பது கையை நீட்டுவதோடு முடிவதில்லை என்பதை அந்தக் குழி ஆண்டுதோறும் காட்டிக்கொண்டிருந்தது.

இந்நிலை 1990-களில் மாறியது. அம்மாற்றத்திற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, சட்டம். 1991 ஆகஸ்ட் 14 அன்று நிறைவேறிய 281-ஆம் எண் சட்டம், கட்டற்று வாழும் பூனைகளை வதைப்பதைத் தடை செய்தது. கடும் நோயுற்றோ தீராத பிணியுற்றோ இருந்தாலன்றி அவற்றைக் கொல்லலாகாது என்றது. அரசின் நலவாழ்வுத் துறையே அவற்றுக்குக் கருத்தடை அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே, அவற்றின் கூட்டத்தோடு திரும்பவும் சேர்க்க வேண்டும் என்றது. அக்கூட்டங்களைப் பேணும் பொறுப்பை, நலவாழ்வுத் துறையின் இசைவோடு, தன்னார்வ அமைப்புகள் ஏற்கலாம் என்றும் வழி திறந்தது. ஒரு நாட்டின் சட்டப்புத்தகத்தில், எவருடைய உடைமையும் அல்லாத ஒரு தெருப்பூனைக்கு இருந்த இடத்திலேயே வாழும் உரிமை எழுதப்பட்டதைச் சிறிய செய்தியாக நான் கருதவில்லை.

இரண்டாவது காரணம், ஏறத்தாழ அதே காலத்தில் அங்கு வந்து சேர்ந்த பெண்கள் இருவர். தனியொருத்தியாய்ப் பாடுபட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குத் துணையாக வந்தவர்கள், தாமே முழுப்பொறுப்பையும் ஏற்கும்படி ஆயிற்று. தெருவின் அடியில், 1929-ஆம் ஆண்டு வேலையின்போது உருவான குகை போன்ற ஓர் இடுக்குதான் அவர்களுடைய இருப்பிடம். ஈரம் சுவறிய சுவர்கள். நிமிர்ந்து நிற்க இயலாத அளவுக்குத் தாழ்ந்த கூரை. அங்கிருந்துதான் கூண்டுப்பொறி வைத்துப் பூனைகளைப் பிடிப்பதும், மருத்துவரிடம் கொண்டு செல்வதும், திருப்பி விடுவதும் தொடங்கின. அறுவை முடிந்த பூனைக்குக் காதின் நுனியைச் சிறிது கத்தரித்துவிடுவார்கள். மறுபடி அதையே பிடித்து வருத்தாதிருக்க அது அடையாளம். தூர நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் பிடித்து ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. உணவும் ஒதுக்கிடமும் உள்ள மூலையை வெறுமையாக்கினால், அக்கம்பக்கத்துப் பூனைகள் வந்து நிரப்பிக்கொள்ளும். அவை கருத்தடை ஆகாதவையாகவும் இருக்கும். அறுவையான பூனைகளை அங்கேயே விட்டுவைத்தால், அவை தங்கள் எல்லையை ஓரளவு காத்துக்கொள்கின்றன. புதியவை வந்தாலும், உணவிடுவோர் கண்ணில் பட்டு அவையும் கூண்டேறும். மனிதரை அஞ்சும் காட்டுப்போக்குள்ளவை இடிபாடுகளுக்கே திரும்பும். மடியில் வந்து அமரும் பழக்கமுள்ளவை, அதாவது வீட்டாரால் கைவிடப்பட்டவை, தத்துக்குத் தரப்படும். குருடும் முடமும் நோயுற்றவையும் காப்பகத்திலேயே தங்கிவிடும். அத்தகைய ஒன்றைத் தொலைவிலிருந்தே தத்தெடுத்து, மாதந்தோறும் சிறு தொகை அனுப்பும் முறையையும் ஏற்படுத்தினார்கள். சுற்றுலாப் பயணிகளின் காணிக்கையும், சிறு நினைவுப்பொருள் விற்பனையும், பல நாட்டவரின் உடலுழைப்புமே மற்ற வருவாய்.

2001-இல் உரோமை மாநகரம், கொலோசேயம், உரோமை மன்றவெளி, தோரே அர்ஜெந்தீனா ஆகிய இடங்களில் வாழும் பூனைகளை நகரின் உயிர்-பண்பாட்டு மரபுச் செல்வம் என்று அறிவித்தது. (இதே மாநகரம் 2005-இல், உருண்டைக் கண்ணாடிக் குடத்தில் மீன் வளர்ப்பதையும் தடை செய்தது. பாராளும் நகரமாக இருந்தது இன்று மீன்குடத்தின் வடிவத்தைப் பற்றிக் கவலைப்படுகிறதே என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.)

ஆனால் மரபுச் செல்வத்திற்கும் மரபுச் செல்வத்திற்கும் இடையே ஒரு நாள் வழக்கு எழுந்தது. 2012-இல் தொல்லியல் அதிகாரிகள், காப்பகத்தின் கட்டமைப்பு உரிய அனுமதியின்றி, நான்கு கோவில்களுள் மிகப் பெரியதை ஒட்டியே அமைந்துள்ளது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் அதற்கு இடமில்லை. வெளியேற வேண்டும் என்றார்கள். பூனைகளைப் போகச் சொல்லவில்லை, அவற்றைப் பேணும் அறையைத்தான் அகற்றச் சொல்கிறோம் என்பது அவர்கள் வாதம். அறையின்றி எங்கே மருந்திடுவது என்பது பெண்களின் கேள்வி. அதே ஆண்டில்தான் ஸ்பானிய ஆய்வாளர்கள், சீசர் வீழ்ந்த இடத்தைக் குறிக்கும் கட்டமைப்பைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். கல்லின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்த வேளையில், பூனையின் பக்கம் நிற்க யாருண்டு? உண்டு என்று தெரிந்தது. ஆயிரமாயிரம் பேர் மனுவில் கையொப்பமிட்டார்கள்; மேயர் ஜான்னி அலெமான்னோவும் காப்பகத்திற்காகப் பேசினார். அது அங்கேயே தொடர்ந்தது.

அதிகாரிகளை இரக்கமற்றவர் என்று நான் பழிக்கமாட்டேன். ஒருவருக்கு அளித்த விலக்கை மற்றவருக்கு மறுப்பது எப்படி என்ற அவர்களுடைய கவலை நேர்மையானது. அனுமதி பெறாமற் கட்டுவது அந்நாட்டின் தீராத வியாதிகளுள் ஒன்று. ஆயினும், புனித நிக்கோலாஸ் ஆலயம் இடிபட்டதை எண்ணும்போது, எந்தப் பழமை காக்கப்படும், எது அகற்றப்படும் என்பதைக் கல் தீர்மானிப்பதில்லை, அந்தந்தக் காலத்து மனிதரே தீர்மானிக்கின்றனர் என்று எனக்குப் படுகிறது. அவ்வாறு தீர்மானிக்கும் அவையில், குகைக்குள் குனிந்தே வேலை செய்த பெண்களுக்கும் ஓர் இருக்கை தந்தால் குற்றமில்லை.

தெருவோரத்தில் மனிதர் படுத்துறங்கும் நகரத்தில் பூனைக்கு மருத்துவமா என்ற கேள்வியும் உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தப் பணம் முழுதும் மனிதர்க்கே போயிருக்கும் என்று நம்பவும் என்னால் இயலவில்லை. தெருப்பூனையைக் கடந்து போகக் கற்ற கண், எங்கே நின்று பார்க்கும் என்பது எனக்குத் தெரியாது.

2023 ஜூன் மாதத்தில், பல்கரி நிறுவனத்தின் பொருளுதவியால் நடைபாதை அமைக்கப்பட்டு, இவ்விடிபாடுகள் பொதுமக்கள் உள்ளே சென்று காணும்படி திறந்துவிடப்பட்டன. கம்பித் தடுப்பின் மேலிருந்து மட்டுமே பார்த்த மக்கள், நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு கோவில்களின் நடுவே நடக்கிறார்கள். வழிகாட்டிகள் சீசரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, பாதிப்பேரின் கண் வேறெங்கோ திரும்புகிறது. புனித நிக்கோலாஸ் ஆலயத்தின் அந்த அரைவட்டச் சுவரருகே, காது நுனி கத்தரிக்கப்பட்ட பூனை ஒன்று முன்கால்களை மடித்துப் படுத்திருக்கிறது.