612 தீக்குச்சி

1980 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மகளிர் விடுதி ஒன்றின் வராந்தாவை ஒற்றைத் தீக்குச்சியால் அளந்துகொண்டிருந்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மண்டியிட்டே நகர்ந்து போனதில் 612 குச்சி வந்தது. எழுந்துபோய்ச் சொன்னேன். "தப்பு. திரும்ப அள" என்றார் மூன்றாம் ஆண்டு அக்கா. அடுத்த தடவை 608. அதுவும் தப்பு. எந்த எண்ணைச் சொன்னாலும் தப்புதான் என்று எனக்கு அப்போது தெரியாது. சரியான கணக்கு என்று ஒன்று இருக்கிறது, அது வந்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

தமிழ்நாட்டில் மேல்நிலைப் படிப்பு 1978-ல் வந்தது. பிளஸ் டூ முடித்து வெளியே வந்த முதல் செட் நாங்கள். எங்களுக்கு மேலே இருந்தவர்களெல்லாம் பி.யூ.சி. வழியாக வந்தவர்கள். கல்லூரி என்றால் என்னவென்று ஒரு வருஷம் பழகிவிட்டு டிகிரிக்கு வந்தவர்களுக்கு, பள்ளிக்கூடச் சீருடையை அப்போதுதான் கழற்றிவைத்துவிட்டு வந்த நாங்கள் சின்னப் பிள்ளைகளாகத் தெரிந்தோம். அப்பா என்னையும் டிரங்குப் பெட்டியையும் விடுதி வாசலில் இறக்கிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். பெட்டியில் அம்மா வைத்த முறுக்கு டின் இருந்தது. சாயங்காலத்துக்குள் அது காலியாகித் திரும்பி வந்தது. முறுக்கு போனது எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. டின்னின் மூடி நசுங்கி வந்ததைப் பார்த்துத்தான் அழுதேன்.

சீனியர் எதிரே வந்தால் குனிந்து நிற்க வேண்டும். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கக் கூடாது. இரட்டைப் பின்னல்தான் போட வேண்டும். "இன்ட்ரோ குடு" என்றால் பேர், ஊர், அப்பா தொழில் என எல்லாவற்றையும் இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டும். அதில்தான் என் அறைத்தோழி நொறுங்கிப் போனாள். கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். அவள் ஊரில் பிளஸ் டூவைத் தாண்டிய முதல் பெண். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. மெஸ்ஸில் அத்தனை பேர் நடுவே அவளை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தி, அவள் அப்பாவின் தொழிலை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்கள். அவளுக்கு வார்த்தை வரவில்லை. சிரித்தார்கள். நான்காம் நாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை. படிப்பு அத்தோடு நின்றது. எந்தப் பதிவேட்டிலும் அது ராகிங் என்று ஏறவில்லை. 'இடைநின்றவர்' என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான்.

பிறகு நான் வரலாறு படித்து, வரலாறே கற்பித்து ஓய்வு பெற்றேன். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே இருந்ததற்கு அவள்தான் காரணம்.

தேடப் போனால் அது வெகுதூரம் பின்னோக்கி இழுத்தது. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸுக்குப் படிக்கப் போன நாசியான்சு கிரகோரி அங்கிருந்த வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். புதிதாக வருபவனை வாதத்துக்கு இழுத்துக் கேலி செய்து, கடைத்தெரு வழியாக ஊர்வலமாகக் குளியல் கூடத்துக்கு அழைத்துப் போவார்களாம். அங்கே கதவை இடித்துக் கூச்சல் போட்டுப் பயமுறுத்திய பிறகுதான் உள்ளே விடுவார்களாம். தன் நண்பர் பேசில் வந்தபோது கிரகோரி மற்றவர்களிடம் பேசி, அவருக்கு அந்தச் சடங்கு நடக்காமல் பார்த்துக்கொண்டார். இந்தத் தகவலை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினாறு நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் குறுக்கே நின்றிருக்கிறார்! மெஸ்ஸில் அன்று எங்களில் ஒருத்தியும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.

533-ல் பேரரசர் ஜஸ்டினியன் சட்டக் கல்வியைச் சீர்திருத்தி ஆணையிட்டபோது, கான்ஸ்டான்டிநோபிளிலும் பெய்ரூட்டிலும் புது மாணவர்களை இழிவான விளையாட்டுக்கு உட்படுத்துவதைத் தடை செய்தார். நடுக்காலப் பாரிஸில் புது மாணவனுக்கு 'மஞ்சள் அலகு' என்று பேர். அலகின் மஞ்சள் மாறாத பறவைக் குஞ்சு என்று பொருள். அவனிடமிருந்து விருந்துக்கென்று காசு பிடுங்குவதைப் பல்கலைக்கழகமே 14ஆம் நூற்றாண்டில் தடுக்க வேண்டியிருந்தது. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் புதியவன் தலையில் கொம்பு வைத்து, அதை ரம்பத்தால் அறுத்து, மிருகத்தை மனிதனாக்கிவிட்டோம் என்று கொண்டாடினார்கள். தடையுத்தரவு இவ்வளவு பழையது என்றால் கொடுமை அதைவிடப் பழையது.

நம் பக்கத்தில் என்ன இருந்தது? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தார். மூத்த மாணவர் இளையவர்களை மேய்ப்பார், அடிக்கவும் செய்வார். அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே திண்ணையில் இன்னொன்றும் நடந்தது. பெரிய பையன் சின்னப் பையனின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தான். 1789-ல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற பையன்களின் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797-ல் பெல் இதைப் புத்தகமாக எழுதி லண்டனில் வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பேரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. மூத்தவன் இளையவனுக்குக் கைகொடுப்பது நம் ஊர்ப் பேரோடு கப்பல் ஏறியது. நம் கல்லூரிகளில் பின்னாளில் வேரூன்றிய பழக்கத்துக்கோ தமிழ்நாட்டில் இன்றுவரை இங்கிலீஷ் பேர்தான்: ராகிங்.

இலங்கைத் தமிழர்கள் இதற்கு 'பகிடிவதை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பகிடி என்றால் வேடிக்கை. வேடிக்கை என்று தொடங்கி வதையில் முடிவதை அந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது. அங்கேயும் பேராதனையில் பொறியியல் படிக்க வந்த வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர், கடுமையான உடற்பயிற்சி செய்ய வைத்ததால் சிறுநீரகம் செயலிழந்து 1997-ல் இறந்துபோனார். 1998-ல் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

நமக்கு அப்படியொரு சாவு 1996 நவம்பரில் வந்தது. சிதம்பரத்தில் மருத்துவம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த நாவரசு, சீனியர் மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். நான் அப்போது விரிவுரையாளர். துறை அறையில் செய்தித்தாளை யாராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. டிசம்பரிலேயே அவசரச் சட்டம் வந்தது, 1997-ல் அது தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமானது. இரண்டு ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். நாவரசு கொலை வழக்கில் அந்தச் சீனியர் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானாலும், 2011-ல் உச்சநீதிமன்றத்தில் தண்டனை மீண்டும் உறுதியானது. அந்தச் சட்டத்தின் விளக்கப் பகுதியை நான் பலமுறை வகுப்பில் வாசித்திருக்கிறேன். அடிப்பது மட்டும் ராகிங் இல்லை. ஒரு மாணவருக்கு அச்சமோ வெட்கமோ கூச்சமோ உண்டாக்குவதும், அவர் தானாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் குற்றம். புகார் வந்தும் கண்டுகொள்ளாத கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தை. அதை வாசிக்கும்போதெல்லாம் நாற்காலிமேல் நின்ற என் தோழியின் முகம் வரும். அவளுக்கு நடந்ததற்குப் பதினேழு வருஷம் கழித்துச் சட்டம் பேர் வைத்தது.

பிறகு ராகிங் பற்றி ஆராய உச்சநீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த ராகவன் குழு 2007-ல் அறிக்கை தந்தது. 2009 மார்ச்சில் இமாச்சலத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் வந்தன. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்றார்கள். சேர்க்கை நாளில் அந்தப் பத்திரங்களை வாங்குவது என் வேலை. ஒரு தகப்பனார் காகிதத்தைத் தொடவே பயந்தார். "எம் மக யாரையும் அப்படிப் பண்ற புள்ள இல்லீங்க டீச்சர், எதுக்குங்க எழுதி வாங்குறீங்க?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "அவளுக்கு யாரும் பண்ணிரக் கூடாதுன்னுதாங்கய்யா" என்றேன். அதன் பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

சட்டம் கொடுமையைப் பெருமளவு அடக்கியது. அதை நேரில் பார்த்தவள் நான். ஆனால் அடக்கிய இடத்தில் வேறெதையும் வைக்காமல் பல வருஷம் காலியாக விட்டுவிட்டோம். சீனியரும் ஜூனியரும் பேசினாலே குற்றம் என்பதுபோல் தனித்தனிக் கட்டடம், தனித்தனிச் சாப்பாட்டு நேரம். 2017-ல் பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியும், 2019-ல் மற்றக் கல்லூரிகளுக்கு 'தீக்ஷாரம்ப்' என்ற திட்டமும் வந்தன. நல்ல எண்ணம்தான். நடந்தது பெரும்பாலும் குத்துவிளக்கு, பொன்னாடை, பிறகு பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை பேச்சு. பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருஷங்களில் எங்கள் துறையில் மட்டும் வேறு மாதிரி செய்தோம். ஐந்து முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மூன்றாம் ஆண்டு மாணவர். பஸ் பாஸ் எங்கே வாங்குவது, உதவித்தொகை விண்ணப்பத்தில் வருமானச் சான்றிதழை எப்படி இணைப்பது, நூலகத்தில் எத்தனை புத்தகம் தருவார்கள், எந்த ஆசிரியரிடம் இங்கிலீஷ் வரவில்லை என்று துணிந்து சொல்லலாம் என்று கூடவே நடந்து காட்டுவது மட்டும்தான் அவர்கள் வேலை. பெல் திண்ணையில் பார்த்ததும் இதைத்தான்.

1980-ல் எனக்கும் ஒருவர் அப்படிக் கிடைத்தார். தோழி ஊருக்குப் போன அன்று ராத்திரி, இரண்டாம் ஆண்டு அக்கா ஒருவர் டம்ளரில் டீயோடு வந்து என் பாயில் உட்கார்ந்தார். மெஸ் எட்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள், விடியற்காலை நாலரைக்கே எழுந்தால் குளியலறை காலியாக இருக்கும், வார்டன் அம்மா கோபக்காரர் ஆனால் கேட்டால் லீவு தருவார் என்றார். பத்து நிமிஷம் இருக்கும். நான் படிப்பை விட்டுவிட்டுப் போகாததற்கு அந்தப் பத்து நிமிஷம்தான் காரணம்.

இதைப் படிக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளே, இந்த வருஷம் உங்கள் துறைக்குப் புதிதாக வருபவரிடம் நீங்களே போய், மெஸ் எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று சொல்லுங்கள். பெற்றோர்கள் பெட்டிக்குள் இந்த எண்ணை எழுதி வையுங்கள்: 1800-180-5522. ராகிங் தடுப்பு உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.