இழுப்பு நோயும் மூச்சுக்குழல் தசையும்



தோட்டத்து லயத்தில் நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு இழுப்பு கண்டால் அண்டை வீட்டாரும் விழித்துக்கொள்வர். "நல்லா மூச்சை இழு, கண்ணு" என்பாள் தாய். குழந்தை இழுக்கும், இழுப்போ அடங்காது. ஏன்? இதற்கு விடை காண மருத்துவ உலகம் நெடுந்தொலைவு நடந்திருக்கிறது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1698-ல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃபிளாயர் இழுப்பு நோயைப் பற்றித் தனி நூல் எழுதினார். அவரே இழுப்பு நோயாளி. 1822-ல் ரைசைசென் என்ற மருத்துவர், நுரையீரலின் சிறு குழல்களையும் தசைநார்கள் வளைத்துச் சூழ்ந்திருப்பதை விளக்கினார். இத்தசை ஓய்விலும் முற்றிலும் தளர்வதில்லை. மெல்லிய இறுக்கம் ஒன்று எப்போதும் உண்டு. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு அதற்கு ஒரு காரணம்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தும் வழி ஒன்று சென்னையிலிருந்து மேல்நாடு சென்றது என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. அங்கே கும்பினி மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இழுப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் முறையைக் கையாண்டார். 1802-ல் ஜென்ட் என்ற தளபதி அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் அந்த நரம்பின் கட்டளையைத் தடுக்கிறது. ஆனால் ஊமத்தை கொடிய நஞ்சு. வீட்டில் ஒருபோதும் முயலாதீர்கள்.

அடுத்து, நீளத்தின் கதை. 1961-ல் அமெரிக்காவில் நாடெல், டியர்னி என்ற இருவர், மருந்தால் சுருங்கிய குழல் ஓர் ஆழ்ந்த மூச்சுக்குப் பின் விரிவதைக் காட்டினர். மூச்சு தசையை இழுத்து நீட்டுகிறது. அதனால் அதன் பிடி தளர்கிறது.

ரப்பர் பட்டையை எத்தனை நாள் சுருட்டி வைத்தாலும் அதற்குப் புது வலு வருவதில்லை. தசை அப்படியன்று. குறுகிய நீளத்திலேயே இருத்தினால் அந்த நீளத்துக்குப் பழகி, அங்கிருந்தே வலுவாக இறுக்கும். நாயின் மூச்சுக்குழல் தசையில் இது 1995-ல் காட்டப்பட்டது. அதே ஆண்டு மற்றோர் ஆய்வில், நலமுள்ளவர்களை ஆழ்ந்து மூச்சிழுக்காதிருக்கச் செய்து, குழலைச் சுருக்கும் மருந்தைக் கொடுத்தனர். அவர்களுடைய குழல்களும் இழுப்பு நோயாளிகளின் குழல்களைப்போலவே சுருங்கின. நாம் அறியாமலே விடும் பெருமூச்சுகூட நம்மைக் காக்கிறது!

இழுப்பு நோயாளிக்கோ அந்தக் காவல் குறைவு. ஆழ்ந்து இழுத்தும் தசை போதிய அளவு தளர்வதில்லை. எனவே தாய்மார்களே, குழந்தை சரியாக மூச்சிழுக்கவில்லை என்று அதட்டாதீர்கள், குற்றம் அதனுடையதன்று. நிமிர்த்தி உட்கார வையுங்கள். மருத்துவர் தந்த, தசையைத் தளர்த்தும் மருந்தை உறிஞ்சச் செய்யுங்கள். குழலின் அழற்சியைத் தணிக்கும் மருந்து தரப்பட்டிருந்தால், நலமாக இருக்கும் நாளிலும் அதை விடாதீர்கள். அடுப்புப் புகையும் சுருட்டுப் புகையும் குழந்தையை அண்டாமல் பாருங்கள். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.