வெள்ளி ரூபாவின் வீழ்ச்சியும் நாணயமாற்று நட்டமும்

அந்நிய நாணயத்திற் செய்யப்படும் கொடுக்கல் வாங்கல்களை எவ்வீதத்தில் ஏட்டிற் பதிவது என்னும் வினா, 1970களில் நாணயங்கள் மிதக்கவிடப்பட்டபோது எழுந்த ஒன்றெனப் பலரும் கருதுவர். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளி ரூபாவின் வீழ்ச்சி அவ்வினாவை எழுப்பிவிட்டது. அன்று அது வெறும் கணக்கு முறை பற்றிய வினாவாக இருக்கவில்லை. நட்டத்தைச் சுமப்பவர் யார் என்பதே அதன் உட்பொருளாகும்.

ஜேர்மனி 1871க்கும் 1873க்கும் இடையில் பொன் நாணய முறைக்கு மாறித் தன்னிடமிருந்த வெள்ளியை விற்கத் தொடங்கியது. பிரான்சும் அதனோடிணைந்த நாடுகளும் வெள்ளி நாணய அச்சடிப்பை மட்டுப்படுத்தின. அமெரிக்காவின் நெவாடாச் சுரங்கங்களோ மேலும் வெள்ளியைச் சந்தைக்கு அனுப்பின. இலண்டனில் 1870களின் தொடக்கத்தில் ஓர் அவுன்சு 60 பென்சு அளவில் விற்ற வெள்ளி, 1894 இல் 30 பென்சுக்கும் கீழிறங்கியது. 1871–72 இல் 23 பென்சுக்கு மாறிய ரூபா 1894–95 இல் 13 பென்சு அளவுக்குத் தாழ்ந்தது. இலங்கை 1872 இல் ரூபாவையும் சதத்தையும் தன் நாணயமாக்கிக் கொண்டமையால், இவ்வீழ்ச்சி அதனையும் பற்றிக்கொண்டது.

இந்திய அரசாங்கம் வரியை ரூபாவில் அறவிட்டது. இலண்டனிற் கொடுக்கவேண்டிய கடன் வட்டி, ஓய்வூதியம், இராணுவச் செலவு முதலியவற்றையோ பவுணிற் செலுத்தியது. 1892–93 இல் இவ்வாறு அனுப்பப்பட்ட 1 கோடி 65 இலட்சம் பவுணுக்கு ஏறத்தாழ 26 கோடி 48 இலட்சம் ரூபா தேவைப்பட்டது. 1873–74 ஆம் ஆண்டு வீதத்தில் அதே தொகைக்கு 17 கோடி 75 இலட்சம் ரூபாவே போதியிருக்கும். மிகுதி 8 கோடி 73 இலட்சம் ரூபாவும் குடிகளின் வரியிலிருந்தே வந்தாக வேண்டும்.

இந்நிலையை அரசாங்கக் கணக்கேடுகள் காட்டிய முறை சுவையானது. 10 ரூபா ஒரு பவுணுக்குச் சமம் என்ற பழைய வீதம் ஏட்டில் தொடர்ந்து வாழ்ந்தது. சந்தையில் அவ்வீதம் மறைந்த பின்னர், பத்து ரூபாவைக் குறிக்க ‘ஆர்எக்ஸ்’ என்னும் குறியீடு வழங்கலாயிற்று. பவுண் போலத் தோன்றினும் அது பவுண் அன்று. உண்மை வீதத்துக்கும் ஏட்டு வீதத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடு ‘நாணயமாற்று நட்டம்’ என்ற தனித் தலைப்பின்கீழ் எழுதப்பட்டது. நிர்வாகச் செலவு பெருகியதா, நாணயம் தாழ்ந்ததா என்பதைப் பிரித்தறிய இது உதவியது என்பதை மறுக்கவியலாது. ஆயினும் பவுணிற் செலுத்தும் கடமை ஏன் இத்துணைப் பெரிதாயிற்று என்னும் வினாவை, நட்டத்தை இயற்கையின் இடர்போலக் காட்டிய அத்தலைப்பு பின்தள்ளிவிட்டது.

வங்கிகளின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. இலண்டனிற் பவுணாக வைப்புப் பெற்று, கிழக்கில் ரூபாவாகக் கடன் கொடுக்கும் ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். ரூபா 2 சிலிங்காக இருக்கையில் கொடுத்த 1,00,000 ரூபா 10,000 பவுணாகும். 1884–85 இல் நிலவிய 19.3 பென்சு வீதத்தில் அக்கடன் சதம் குறையாது திரும்பினாலும் 8,040 பவுண் அளவே தேறும். வைப்பாளருக்குரிய 10,000 பவுணோ குறைவதில்லை. ஐந்தொகையிற் பழைய வீதத்தையே வைத்திருந்தால் நட்டம் கண்ணுக்குத் தெரியாது, பங்கிலாபமும் வழங்கலாம். கடன் கொடுத்த நாளின் வீதமா, ஐந்தொகை நாளின் வீதமா என்ற விவாதத்தின் வேர் இங்கேயே உள்ளது. நிலையான சொத்துக்களுக்கு முன்னையதையும் நடைமுறைச் சொத்துக்களுக்குப் பின்னையதையும் கொள்ளும் வழக்கம் பிரித்தானியக் கணக்காளரிடையே அந்நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது.

இலங்கையில் நாணயத் தாள் வெளியிட்ட ஓறியன்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 மே மாதத்தில் முறிந்தது. கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்தமையும், மொறீசியசுச் சீனித் தொழிலில் முடங்கிய கடன்களும், வெள்ளியின் வீழ்ச்சியும் அதனை வீழ்த்தின. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அதன் தாள்களுக்கு அரசாங்கப் பிணை வழங்கிப் பீதியைத் தணித்தார். அதன் விளைவாகவே 1885 முதல் அரசாங்கமே நாணயத் தாள் வெளியிடலாயிற்று.

எஞ்சிய வங்கிகள் பாடம் கற்றன. ஏற்றுமதியாளரிடம் பவுண் உண்டியலை வாங்கும்போதே, ஏறக்குறைய அதே தொகைக்கு இறக்குமதியாளருக்குப் பவுணை விற்றுத் தம் நிலையைச் சமன்செய்தன. 1870 இல் பம்பாய்க்கு வந்த கடலடித் தந்தி இதற்குப் பெருந்துணையாயிற்று. பின்னொரு நாளிற் பெறவேண்டிய பணத்துக்கு இன்றே வீதம் பேசி ஒப்பந்தம் செய்யும் வழியும் வணிகருக்குக் கிட்டியது. இலங்கைத் தேயிலைத் தோட்ட உரிமையாளருக்கு அதுவும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. தேயிலையை இலண்டனிற் பவுணுக்கு விற்று, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கு ரூபாவிற் கூலி கொடுத்தவர்களுக்கு, ரூபாவின் ஒவ்வொரு இறக்கமும் ஆதாயமே. கூலி பெற்றவருக்கு இத்தகைய வழியெதுவும் இருக்கவில்லை.

ஹெர்ஷல் பிரபு தலைமையிலான குழுவின் ஆலோசனைப்படி 1893 யூன் 26 இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடப்பட்டன. அவ்வாண்டிலேயே ஐரோப்பிய உத்தியோகத்தருக்கு நாணயமாற்று ஈட்டுப்படி அனுமதிக்கப்பட்டது. ரூபா படிப்படியாக 16 பென்சுக்கு உயர்ந்தது. 1899 இல் 15 ரூபா ஒரு பொற்பவுணுக்குச் சமமெனச் சட்டமாயிற்று. அரசாங்க ஏட்டின் நட்டத் தலைப்பு இவ்வாறு சுருங்கிற்று. ஆனால் பஞ்ச காலத்துக்கென வெள்ளியை நகையாகச் சேர்த்து வைத்த இந்தியக் குடியானவன், முன்னர் அதனை நாணயச்சாலையில் ரூபாவாக மாற்றவல்ல நிலை இருந்தது. 1893க்குப் பின்னர் உருக்கிய வெள்ளிக்குச் சந்தை விலையே கிடைத்தது. அவன் செலுத்தவேண்டிய நிலவரியோ உயர்ந்த ரூபாவிலேயே கணிக்கப்பட்டது.