யாரைப் பார்க்கணும்? கங்காணி முதல் கன்சல்டன்சி வரை

வல்லம் வடகால் பக்கம் நான் குறிப்புகள் சேகரிக்கிறேன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி, வரலாற்றுக் கேள்விகளே இல்லை. "சார், தம்பி டிப்ளமோ முடிச்சிருக்கான். ஒரகடம் பக்கம் வேலைக்கு யாரைப் பார்க்கணும்?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கே விண்ணப்பிக்கணும் என்று யாரும் கேட்பதில்லை, கவனித்துப் பாருங்கள். யாரைப் பார்க்கணும் என்றுதான் கேள்வி வருகிறது. கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஆள் இருப்பார், அவரைப் பிடித்தால்தான் உள்ளே போகமுடியும் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இந்த நடு ஆளுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் இன்றைக்கு வேலை தேடுகிறவருக்கும் கொஞ்சம் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பழைய நடு ஆளின் பெயர் கங்காணி. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போனவர். பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சொந்தக்காரர்கூட. வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பார். அது கடனாக எழுதப்படும். இலங்கையில் அவர் கூட்டிவந்த ஆள் ஒரு நாள் வேலைக்கு வந்தால் அவருக்கு இவ்வளவு காசு என்று தோட்டம் கணக்குப் போட்டுக் கொடுத்தது. ஆள் உழைப்பது ஒரு இடம், அந்த உழைப்பில் ஒரு பங்கு போய்ச்சேருவது இன்னொரு இடம்.

இலங்கையில் 'துண்டு' என்று ஒரு முறையும் இருந்தது. இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டிவிட்டால் இவர்களை விட்டுவிடுகிறேன் என்று தோட்ட நிர்வாகம் எழுதித் தரும் சீட்டு. அந்தக் கடனைக் கட்டும் தோட்டம் ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் பழைய இடத்தில் தீர்ந்து புது இடத்தில் மறுபடி ஏறும். துண்டு இல்லாமல் வேறு இடத்தில் வேலை கிடைக்காது. 1921-ல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள்.

இங்கே ஆலைகளில் அதே ஆளுக்கு மேஸ்திரி என்று பெயர். வேலைக்குச் சேர்ப்பதும் அவர், விடுப்பு தருவதும் அவர், வெளியே அனுப்புவதும் அவர். 1929-ல் அமைக்கப்பட்டு 1931-ல் அறிக்கை தந்த விட்லி குழு, இந்த முறையில் லஞ்சம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று விரிவாகவே எழுதியது. ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கி தொழிலாளர் அதிகாரி ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. ஆனால் அரசே வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தலாமா என்ற கேள்விக்கு அந்தக் குழு ஆர்வம் காட்டவில்லை. ஆலைவாசலிலேயே வேண்டிய ஆள் நிற்கும்போது எதற்கு அலுவலகம் என்ற பார்வை. கட்டணமில்லாத அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வேண்டும் என்ற 1919-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1921-ல் ஏற்றது. 1938-ல் அதிலிருந்து விலகியும்விட்டது.

இரண்டாம் உலகப்போர்தான் நிலைமையை மாற்றியது. போர் முடிந்து ராணுவத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தேடித்தர 1945-ல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. பிரிவினைக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கும், 1948-லிருந்து எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. யாரையும் பார்க்கத் தேவையில்லை, பெயரைப் பதிந்தால் போதும், முறை வரும்போது கூப்பிடுவார்கள். கங்காணியும் மேஸ்திரியும் இருந்த நாட்டில் இது சாதாரண விஷயமில்லை. ஊரில் செல்வாக்கு இல்லாதவனுக்கு முதல்முறையாக ஒரு வரிசை எண் கிடைத்தது.

1959-ல் இதற்குப் பின்பலமாக ஒரு சட்டம் வந்தது. காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டும் என்ற சட்டம். 1960 மே 1 முதல் நடைமுறை. அரசு நிறுவனங்களும், 25 பேர் அல்லது அதற்குமேல் வேலைசெய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை நிரப்புவதற்குமுன் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சொல்லியாகணும். இதோடு நிறுத்தியிருந்தால் தமிழ்நாட்டின் கதையே வேறாக இருந்திருக்கும். அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவில் ஒரு உட்பிரிவு, அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்கவேண்டும் என்ற கடமை எந்த முதலாளிக்கும் கிடையாது என்று சொல்கிறது. மூன்று மாதத்துக்குக் குறைவான வேலைகளைத் தெரிவிக்கவே வேண்டாம். 1987-ல் ஹர்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சொல்வது கட்டாயம், எடுப்பது கட்டாயமில்லை.

விளைவு என்ன ஆச்சுன்னா, வரிசை முழுக்க அரசு வேலையை நோக்கித் திரும்பிவிட்டது. நம் வீடுகளில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு எம்ப்ளாய்மென்ட் கார்டு போடுவது ஒரு சடங்கானது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ரினீவல், சீனியாரிட்டி என்ற சொல்லெல்லாம் தமிழாகவே மாறிவிட்டது. இடைநிலை ஆசிரியர் பணிக்கு அந்தப் பதிவு மூப்பு உண்மையிலேயே பலன் தந்தது, தகுதித் தேர்வு வரும்வரை. ஆனால் தனியார் ஆலைக்கு அந்தக் கார்டு ஒரு பொருட்டே இல்லை. 2023-ல்கூட மாநிலம் முழுக்கப் பதிந்திருந்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல்.

இந்த நேரத்தில்தான் நம்ம பகுதிக்கு ஆலைகள் வருகின்றன. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல், 1998-ல் சான்ட்ரோ. 2006-ல் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். 2017-ல் வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு. சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையின் இருபுறமும் ஏரிப்பாசன நிலம் சிப்காட் ஆனது. வேலைவாய்ப்பு அலுவலக வரிசைக்கும் இந்த வாசல்களுக்கும் தொடர்பு மிகக் குறைவு. நடுவில் இருந்த வெற்றிடத்தை ஒப்பந்தக்காரரும் கன்சல்டன்சியும் நிரப்பினார்கள். 'ஆட்கள் தேவை, தங்குமிடம், சாப்பாடு, பஸ் இலவசம்' என்ற போஸ்டரில் ஒரு செல்போன் எண் இருக்கும், கம்பெனிப் பெயர் இருக்காது.

எல்லா ஒப்பந்தக்காரரும் மோசம் என்று நான் சொல்லவரவில்லை. செய்யாறு பக்கத்திலிருந்து வரும் 19 வயதுப் பெண்ணுக்கு வேலை, தங்குமிடம், பஸ் மூன்றையும் ஒரே நாளில் ஏற்பாடு செய்துதர வேறு யாரும் இல்லாதபோது, அவர்தான் அதைச் செய்தார். சிக்கல் என்னவென்றால், அந்த மூன்றும் ஒரே கையில் இருக்கும். வேலை போனால் படுக்கையும் போகும். இந்த முடிச்சு எப்படிப்பட்டது என்பதை 2021 டிசம்பரில் எல்லோரும் பார்த்தோம். பூந்தமல்லி பக்கத்து விடுதியில் உணவு நஞ்சாகி, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். டிசம்பர் 18 அன்று அவர்களுடைய தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை ஜனவரி 12 வரை மூடிக்கிடந்தது.

வல்லம் வடகாலில் இன்று நிற்கும் பெரிய விடுதிக் கட்டடங்களை இந்தப் பின்னணியில்தான் பார்க்கணும். 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய், 18,720 பெண்கள் தங்கும் இடம். 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார், ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியுவும் வந்திருந்தார். வேலைக்கும் ஆளுக்கும் நடுவே நிற்க 1945-ல் ஒரு அலுவலகம் வந்தது. இப்போது படுக்கைக்கும் ஆளுக்கும் நடுவே அரசு நிற்கிறது. ஆனால் யாரை எடுப்பது என்ற பேச்சு இன்னும் ஏஜென்ட் கையில்தான். திருமணமான பெண்களை ஐபோன் பிரிவில் எடுப்பதில்லை என்று 2024-ல் ராய்ட்டர்ஸ் எழுதியது. அதன்பிறகு விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை மட்டுமின்றிக் கம்பெனிப் பெயரையும் போடக்கூடாது என்று ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டதாகவும் அதே நிறுவனம் எழுதியது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமே காலியிடம் எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியணும் என்பது. நாம் அதற்கு நேர் எதிர்த் திசையில் வந்து நிற்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் மூன்று வருஷம் ஒரே ஆலையில், ஒரே லைனில் நின்றான். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் மூன்று வேறு ஒப்பந்தக்காரர்களின் பெயர். அவன் மனசில் அவன் அந்தக் கம்பெனி ஆள். காகிதத்தில் அப்படி ஒரு கம்பெனியே இல்லை. இது ஏன் முக்கியம் என்றால், 1981-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலைசெய்த தொழிலாளியை நிரந்தரமாக்கணும் என்கிறது அது. யாரிடம் 480 நாள் என்ற கேள்வி வரும்போதுதான் அந்த மூன்று பெயர்களுக்கும் அர்த்தம் புரியும். 2014 நவம்பர் 1-ல் நோக்கியா உற்பத்தியை நிறுத்துவதற்கு முன்னாலும், விருப்ப ஓய்வுப் பேச்சு கம்பெனிப் பேரேட்டில் பெயர் உள்ளவர்களைச் சுற்றித்தான் நடந்தது.

ஆகவே, கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். யாரைப் பார்க்கணும் என்பதோடு, யார் பெயரில் சேரப்போகிறோம் என்றும் கேளுங்கள். நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அது உங்கள் உரிமை. அதில் இருப்பது கம்பெனியா, ஒப்பந்தக்காரரா என்று படித்துப் பாருங்கள். 'ட்ரெய்னி' என்றால் அப்ரென்டிஸ் சட்டத்தின்கீழ் பதிவான ஒப்பந்தமா, சும்மா ஒரு பெயரா என்று கேளுங்கள். பதிவான அப்ரென்டிஸ் என்றால் கடைசியில் சான்றிதழ் உண்டு, ஆனால் அந்த நாட்கள் 480-ல் சேராது.

சேர்ந்தபிறகு யு.ஏ.என். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்கி, மாதாமாதம் பணம் ஏறுகிறதா, எந்த நிறுவனத்தின் பெயரில் ஏறுகிறது என்று போனிலேயே பாருங்கள். சம்பளச் சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள், வேலைக்குப் போன நாட்களை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை நிறுவனம் தரவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. புதிய தொகுப்பிலும் அது இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் நோட்டும் சீட்டும்தான் பேசும்.

வேலைக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், கையோடு திரும்ப வாங்கணும். சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு வேறு இடம் போகவிடாமல் செய்வது பழைய துண்டுச் சீட்டின் பேரப்பிள்ளை, அவ்வளவுதான்.

அந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் மறந்துவிடாதீர்கள். இப்போது அதன் பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். காஞ்சிபுரத்திலும் இருக்கிறது. கார்டு போட்டால் கவர்ன்மென்ட் வேலை வரும் என்ற பழைய எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம்தான். ஆனால் அங்கே நடக்கும் தனியார் துறை முகாம்களுக்கும், மாநில அரசின் தனியார் வேலை இணையதளத்துக்கும் கட்டணம் இல்லை. அங்கே வரும் கம்பெனிக்குப் பெயரும் இருக்கும். பதிந்து ஐந்து வருஷம் காத்திருப்பவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு, பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பத்தாவது தேறியவருக்கு 300. சின்னத் தொகைதான், தகுதி இருந்தால் விடவேண்டாம்.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. 25 பேர் என்பது 20 ஆனது. அலுவலகத்தின் பெயரும் மாறியது. அனுப்பும் ஆளை எடுக்கவேண்டிய கடமை இல்லை என்ற வரி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வரி இருக்கும்வரை, யாரைப் பார்க்கணும் என்று கேட்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.